கடலை வண்டியும் 'சூஸ்' என்ற சொல்லும்

(கல்லூரி ஆங்கில மன்றக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம்.

உள்ளே நுழையும்போது வாசலில் ஒரு கடலை வண்டி நின்றது. ஓர் அம்மா நாலு கடலையை எடுத்து வாயில் போட்டு மென்று பார்த்தார். 'வறுவல் பத்தலையேப்பா' என்று சொல்லிவிட்டு, வாங்காமல் நடையைக் கட்டினார். கடலைக்காரருக்கு நட்டம். எனக்கு லாபம், பேச்சுக்குத் தொடக்கம் கிடைத்துவிட்டது. தேர்ந்தெடுப்பதைச் சொல்லும் 'சூஸ்' (choose) என்ற ஆங்கிலச் சொல்லின் ஆதிப் பொருளை அந்த அம்மா அங்கே நடித்தே காட்டிவிட்டார்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் வடிவம் 'சேயோசன்'. அதன் வேருக்குச் 'சுவைத்துப் பார்' என்று பொருள். லத்தீனில் சுவையைக் குறிக்கும் 'குஸ்டாரே' இதே வேரில் பிறந்தது. அங்கிருந்து வந்ததுதான் 'டிஸ்கஸ்ட்', வாய்க்குப் பிடிக்காமல் துப்புவது. வடமொழியில் விரும்புவதைச் சொல்லும் 'ஜுஷ்' தாதுவும் இந்தக் குடும்பம்தான். ஆக, ஆங்கிலேயன் முதலில் தேர்ந்தெடுத்தது மூளையால் அல்ல, நாக்கால்.

'சாய்ஸ்' கதை இன்னும் வேடிக்கை. 'சூஸ்' வினையென்றால் 'சாய்ஸ்' அதன் பெயர்ச்சொல், ஒரே வீட்டில் பிறந்தவை என்றுதானே நினைப்போம்? இல்லை. பழைய ஆங்கிலத்துக்குச் சொந்தமாக வேறொரு பெயர்ச்சொல் இருந்தது, அது செத்துப்போய்விட்டது. 'சாய்ஸ்' பிரெஞ்சிலிருந்து வந்தது. ஆனால் பிரெஞ்சுக்காரர்களுக்கு அது எங்கிருந்து கிடைத்தது? ஜெர்மானிய மொழியிலிருந்து, அதாவது ஆங்கிலத்தின் பங்காளி வீட்டிலிருந்து. சின்ன வயதில் காணாமல்போன பெரியப்பா மகன், தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டு வேற்றாளாகத் திரும்பி வந்த மாதிரி.

அந்தப் பங்காளி வீட்டில் இன்னும் இரண்டு பேரைக் காட்டுகிறேன். போர்க்களத்தில் யார் சாக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வட ஐரோப்பியத் தொன்மப் பெண்களுக்கு 'வால்கைரி' என்று பெயர். அதில் 'கைரி' என்பது தேர்ந்தெடுப்பவள். ஜெர்மானியப் பேரரசனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏழு பேருக்கு மட்டும் என்று 1356ஆம் ஆண்டுப் பொன்முத்திரை ஆணை வரையறுத்தது. அவர்களை 'கூர்ஃப்யூர்ஸ்ட்' என்பார்கள். அந்தக் 'கூர்' நம் 'சூஸ்' வீட்டுச் சொல்தான்.

இனி பிழைகளுக்கு வருவோம். மாணவர்கள் அதிகம் சறுக்குவது எழுத்தில். 'சூஸ்' என்றால் இரண்டு 'ஓ'. இறந்தகாலமான 'சோஸ்' என்றால் ஒரே 'ஓ'. அப்புறம், 'பிட்வீன்' போட்டுவிட்டால் இடையில் வரவேண்டியது 'ஆண்ட்', 'ஆர்' அல்ல. 'காபிக்கும் டீக்கும் நடுவில்' என்கிறோம், 'காபிக்கோ டீக்கோ நடுவில்' என்று யாராவது சொல்வோமா? இதை நினைவில் வைத்தால் போதும்.

'சாய்ஸ்' பெயரடையாகவும் வரும். 'சாய்ஸ்' பழம் என்றால் பார்த்துப் பார்த்து எடுத்த பழம். 'சாய்ஸ்' வார்த்தைகளில் பேசினார் என்றால் எச்சரிக்கையாக இருங்கள், பெரும்பாலும் நன்றாகத் திட்டினார் என்று அர்த்தம். அமெரிக்க அரசு மாட்டிறைச்சிக்குத் தரம் போடும்போது முதல் தரம் 'ப்ரைம்', அடுத்தது 'சாய்ஸ்', அதற்கும் கீழே 'செலக்ட்'. தேர்ந்தெடுத்தது என்று பொருள்படும் இரண்டு சொற்களுக்கும் முதலிடம் கிடைக்கவில்லை!

'செலக்ட்', 'எலெக்ட்' இரண்டும் லத்தீன் பிள்ளைகள். வேர் 'லெகெரே', பொறுக்குவது என்று பொருள். இது கை வேலை. ஒதுக்கி வைத்துப் பொறுக்கினால் 'செலக்ட்', உள்ளிருந்து வெளியே எடுத்தால் 'எலெக்ட்'. எழுத்துகளைப் பொறுக்கிச் சேர்ப்பதுதான் வாசிப்பு என்பதால் லத்தீனில் 'லெகெரே' வாசிப்பதையும் குறிக்கும். தமிழில் 'பொறுக்கு' என்ற சொல்லுக்கு வந்த கதியைப் பாருங்கள். 'பொறுக்கியெடுத்த முத்து' என்றால் பாராட்டு. வினையெச்சத்தைத் தனியாக நிறுத்தி ஒருவரைப் பார்த்துச் சொன்னால் அடிதடி.

'எலெக்ட்' பற்றி ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், உயிர் சம்பந்தப்பட்டது. மருத்துவமனையில் 'எலெக்டிவ் சர்ஜரி' என்று எழுதித் தருவார்கள். அகராதியைப் புரட்டி, 'விருப்பமிருந்தால் செய்துகொள்ளலாம், இல்லாவிட்டாலும் பாதகமில்லை' என்று புரிந்துகொள்பவர்கள் உண்டு. அப்படியல்ல. இன்றே இப்போதே என்ற அவசரம் இல்லாமல், நாள் குறித்துச் செய்யும் அறுவை எதுவும் 'எலெக்டிவ்'தான். கண்புரை அறுவையும் அதில் வரும், புற்றுக்கட்டியை எடுக்கும் அறுவைகளில் பலவும் வரும். தேதியைத்தான் தேர்ந்தெடுக்கிறோம், தேவையை அல்ல.

அடுத்து ஹாப்சன். 'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' என்ற ஆங்கிலத் தொடரை இரண்டு கெட்டவற்றில் ஒன்றைப் பிடிக்க வேண்டிய இக்கட்டு என்று பத்திரிகைகளிலேயே தப்பாக எழுதுகிறார்கள். தாமஸ் ஹாப்சன் கேம்பிரிட்ஜில் வாடகைக் குதிரை லாயம் வைத்திருந்தவர், லண்டனுக்குச் சரக்கும் கடிதமும் ஏற்றிப் போனவர். கொழுத்த குதிரையாகப் பார்த்து மாணவர்கள் கேட்பார்கள். அவர் கொடுக்கமாட்டார். ஓடிக் களைத்த குதிரைக்கு ஓய்வு வேண்டும் என்று முறை வைத்திருந்தார். 'வாசலை ஒட்டி நிற்பதை எடு, இல்லையென்றால் நட' என்பார். ஆக, எடுப்பதற்கு ஒன்றே ஒன்றுதான், எடு அல்லது விடு. இக்கட்டு எங்கே வந்தது? 1631இல் அவர் இறந்தபோது, அங்கே மாணவராக இருந்த கவிஞர் மில்டன் அவரைப் பற்றி இரண்டு வேடிக்கைக் கவிதைகள் எழுதினார். கொள்ளைநோயால் வண்டி ஓட்டத் தடை, சும்மா உட்கார்ந்ததால்தான் போய்ச் சேர்ந்தார் என்று கேலி. நம் ஊரில் 'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்கிறோம். ஹாப்சன் காசு வாங்கிக்கொண்டே பல்லைப் பார்க்க விடவில்லை.

'ஆப்ட்' (opt) என்பதும் தேர்ந்தெடுப்பதுதான், ஆனால் மனம் சார்ந்தது. லத்தீனில் 'ஆப்டாரே' என்றால் விரும்புவது. தத்தெடுப்பதைச் சொல்லும் 'அடாப்ட்' அதன் தங்கை. இதற்குமேல் அதில் சுவாரசியமில்லை.

ஆங்கிலத்துக்கு நாக்கு, லத்தீனுக்குக் கையும் மனமும் என்றால் தமிழுக்கு எது? 'தெரி' என்ற நம் சொல்லைப் பாருங்கள். கண்ணில் படுவதும் தெரிதல், அறிவதும் தெரிதல், ஆராய்ந்து எடுப்பதும் தெரிதல். குறளில் 'தெரிந்து தெளிதல்' ஓர் அதிகாரம். இலங்கைத் தமிழர்கள் இன்றும் 'தெரிவு செய்தார்கள்' என்றுதான் எழுதுகிறார்கள். காதுக்கு அழகாக இருக்கிறது, நாமும் எடுத்துக்கொள்ளலாம். கண்ணால் பார்த்து எடுப்பது நம் மரபு. புடவைக் கடையில் நாற்பது புடவையை விரிக்கச் சொல்வதற்கும் இதுவே நியாயம்.

இதைச் சொன்னால் உடனே யாராவது உத்திரமேரூர்க் குடவோலையை எடுத்து வருவார்கள். 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே தகுதியை வடிகட்டிய பிறகு, ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அது சீட்டுக் குலுக்கல். கண் பார்த்துச் செய்த தெரிவு அல்ல, கண்ணை வேண்டுமென்றே ஒதுக்கிவைத்த ஏற்பாடு. அதன் அழகே அதுதான் என்பது என் எண்ணம்.

கடைசியாக, நாம் 'சாய்ஸ்' என்ற சொல்லுக்குச் செய்த கைங்கரியம். 'எவையேனும் ஐந்து வினாக்களுக்கு விடையளி' என்று தேர்வுத்தாளில் இருக்கும். வெளியே வந்து, 'ஏழாவது கேள்விய சாய்ஸ்ல விட்டுட்டேன்டா' என்போம். ஆங்கிலேயனுக்கு 'சாய்ஸ்' என்பது எடுத்துக்கொண்டது. நமக்கோ விட்டுத் தள்ளியது! லண்டனில் போய்ச் சொன்னால் ஒருவருக்கும் புரியாது. மதுரையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். இதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். வந்த சொல்லை நம் தேவைக்கு மடக்கி வைத்திருக்கிறோம்.

'ப்ரிஃபர்' பற்றியும் கால்மணி நேரம் பேசக் குறிப்பெடுத்து வந்தேன். தலைவர் மணியடித்துவிட்டார். அதைச் சாய்ஸில் விட்டுவிடுகிறேன். வணக்கம்.