அக்குள் கணுவும் கொழுந்துக் கூடையும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையில் இனி எதை ஆராய வேண்டும்? நுவரெலியா, ஹட்டன், பதுளைப் பக்கத்துத் தோட்டப் பெண்களை மனதில் வைத்துக் கேட்டால், எனக்கு முதலில் தோன்றுவது கைதான். இரண்டு கையாலும் கொழுந்து பறித்து, அன்றைய வேலைக் கணக்கான 'பேர்' வாங்குகிற பெண்ணுக்கு மார்பில் வெட்டிய இடம் ஆறிவிடும். அக்குளில் வெட்டியதுதான் வருஷக்கணக்கில் தொல்லை தரும்.

மார்பிலிருந்து வடியும் நிணநீர் பெரும்பாலும் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குத்தான், அதாவது அதை வடிகட்டும் சிறு முடிச்சுகளுக்குத்தான், போகிறது. கையின் நிணநீருக்கும் அதே வழிதான். நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க அந்தக் கணுக்களை, பத்துக்கும் மேலாக, மொத்தமாக எடுத்துவிடுவதே ஒரு காலத்தில் வழக்கம். வழி அடைபட்டால் கை வீங்கும். சில மாதத்திலும் வரலாம், சில வருஷம் கழித்தும் வரலாம். வீங்கிய கையில் ஓர் அட்டைக் கடி, ஒரு தேயிலை வாதுக் கீறல் போதும்: கிருமி தொற்றி, கை சிவந்து, குளிரோடு காய்ச்சல் வரும். ஒவ்வொரு தொற்றும் வீக்கத்தை இன்னும் கூட்டும்.

அதனால்தான் காவல் கணு முறை வந்தது. நீலச் சாயத்தையோ கதிரியக்கத் திரவத்தையோ மார்பில் ஏற்றி, அது முதலில் போய்ச் சேரும் ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துப் பரிசோதிப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் கணு தவறிப்போவது குறைவு. ஆனால் அந்தத் திரவத்திலுள்ள டெக்னீசியத்தின் கதிர்ச்சக்தி 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். வைத்துப் பாவிக்கிற பொருளல்ல.

2023இல் வெளியான 'சவுண்ட்' (SOUND) என்ற ஆய்வு இன்னும் ஒரு படி போனது. 2 சென்ரிமீற்றருக்கு மேற்படாத கட்டி, அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் அக்குளில் சந்தேகமில்லை என்றால், கணுவைத் தொடாமலே விட்டவர்களும் காவல் கணு எடுத்தவர்களும் 5 வருஷத்துக்குப் பிறகு ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். மலையகத்துக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி அரிது. ஆனால் கட்டி கோழிமுட்டை அளவான பிறகு வருகிற பெண்ணுக்கு இந்த முடிவைப் பொருத்தவே கூடாது. நமது வைத்தியசாலைகளில் அக்குள் ஸ்கேனை எவ்வளவு நம்பலாம், எந்த அளவுக் கட்டிவரை நம்பலாம் என்பதை இங்கேயே அளந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது தூரம். கட்டியை மட்டும் எடுத்து மார்பைக் காப்பாற்றினாலும் ஆயுள் குறைவதில்லை என்பதை 2002இல் வந்த இரண்டு இருபதாண்டு ஆய்வு முடிவுகள் உறுதிசெய்தன. ஆனால் அப்படிச் செய்தால் கதிர் சிகிச்சை தவறக்கூடாது. தவறினால் அதே மார்பில் நோய் திரும்பும் வாய்ப்புக் கூடும். ஐந்து வாரம் கண்டியிலோ மஹரகமவிலோ தங்க வேண்டும் என்றால், அத்தனை நாள் பேர் போகும், பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. "முழுசா எடுத்துடுங்க டொக்டர்" என்று ஒரு பெண் சொல்லும்போது, சொல்ல வைத்தது நோயா, பஸ் பயணமா என்று கணக்கெடுப்பது ஓர் அவசர ஆய்வு. ஏனென்றால் 2020இல் வந்த பாஸ்ட்-போர்வர்ட் ஆய்வில், 3 வாரத்தில் 15 முறை கொடுப்பதற்குப் பதிலாக ஒரே வாரத்தில் 5 முறை, மொத்தம் 26 கிரே (கதிர் அளவின் அலகு) கொடுத்தும் நோய்க் கட்டுப்பாடு குறையவில்லை. ஒரு வாரம்தான் என்றால் பல குடும்பங்கள் வேறு முடிவெடுக்கும்.

பெரிதாகப் பேசப்படாத ஒன்றையும் சொல்ல வேண்டும். வெட்டி எடுத்த சதையை ஒரு மணி நேரத்துக்குள், அது கெடாமல் காக்கும் திரவமான போமலினில் போட வேண்டும். சதையின் அளவைப்போல் பத்து மடங்கு போமலின் வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஊற வேண்டும். போமலின் மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். முழு மார்பைக் கீறாமல் வாளியில் போட்டு வைத்தால் வெளிப்புறம் பதமாகும், நடுவில் இருக்கும் கட்டி கெட்டுப்போகும். அப்போது, கட்டி ஹோர்மோனால் வளர்வதைக் காட்டும் ஹோர்மோன் ஏற்பி இருந்தும் இல்லை என்று அறிக்கை வரலாம். அந்த ஹோர்மோனைத் தடுக்கும் தமொக்சிபன் மாத்திரையால் பிழைத்திருக்க வேண்டியவருக்கு அது எழுதப்படாமலே போகும். சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து ஆய்வுகூடம்வரை இந்த நேரத்தைக் குறித்துவைத்து ஆராயப் பெரிய செலவில்லை. ஒரு கடிகாரமும் ஒரு கொப்பியும் போதும்.

மறுபடி கைக்கு வருகிறேன். "பாரம் தூக்கவே கூடாது" என்ற பழைய அறிவுரையை 2009இல் வந்த ஓர் ஆய்வு அசைத்தது. கை வீங்கிய 141 பெண்கள் அதில் சேர்ந்தார்கள். பயிற்றுநரின் மேற்பார்வையில் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பயிற்சி செய்தவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. ஆனால் பயிற்சி நிலையத்து எடை வேறு, மழையில் நனைந்த கொழுந்தோடு சரிவில் இறங்கும் கூடை வேறு. எத்தனையாவது வாரத்தில், எத்தனை கிலோவிலிருந்து தொடங்கலாம் என்பதை மலையகப் பெண்களோடு சேர்ந்துதான் கண்டுபிடிக்க முடியும்.

அதற்கு அளவு வேண்டும். சத்திரசிகிச்சைக்கு முன்னரே இரண்டு கையையும், முழங்கைக்கு மேலே 10 சென்ரிமீற்றரிலும் கீழே 10 சென்ரிமீற்றரிலும், தையல் நாடாவால் சுற்றளவு எடுத்துக் கிளினிக் கொப்பியில் எழுதிவையுங்கள். முதல் அளவு இல்லாவிட்டால் பின்னால் வீக்கத்தை ஒப்பிட எதுவுமில்லை. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் அளக்க வேண்டும். இரண்டு கைக்கும் உள்ள வித்தியாசம் முன்பிருந்ததைவிட 2 சென்ரிமீற்றர் கூடினால், வலி வரும்வரை காத்திராமல் அந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள்.

நன்றி, வணக்கம்.