மாஸ்டரை அணைத்தால் எஞ்சின் ஓடுமா? வீட்டில் கட்டும் விமானத்தின் ஒயரிங்கும் பெட்ரோலும்

[காட்சி: கராஜ். ரிவெட் அடித்து முடித்த விமான உடல். இறக்கைகள் சுவரோரம் சாய்ந்திருக்கின்றன.]

வணக்கம். ரிவெட் எல்லாம் அடித்தாயிற்று, வால் பொருத்தியாயிற்று, எஞ்சின் பெட்டியும் வந்து இறங்கிவிட்டது. இந்தக் கட்டத்துக்கு வந்தவுடன்தான் இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்தும் ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலிருந்தும் எனக்குக் கேள்விகள் வரும். "அண்ணா, எத்தனை கேஜ் ஒயர் போடணும்?" "பெட்ரோல் பம்ப்பை எங்கே வைக்கணும்?" இரண்டையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். நான் சேர்த்தே பேசப்போகிறேன். இன்று இங்கே கட்டப்படும் பல விமானங்களில் பெட்ரோல் எஞ்சினுக்குப் போவதே மின்சாரத்தை நம்பித்தான்.

முதலில் எஞ்சினைப் பாருங்கள். பழைய பாணி லைகாமிங் என்றால் அதில் மேக்னெட்டோ இருக்கும். தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை அதுவே உண்டாக்கிக்கொள்ளும். பெட்ரோலை எஞ்சினோடு சுற்றும் மெக்கானிக்கல் பம்ப் இழுத்துத் தரும். பேட்டரியைக் கழற்றி எறிந்தாலும் எஞ்சின் பாட்டுக்கு ஓடும். ரோட்டாக்ஸ் 912 ஐஎஸ், 915 ஐஎஸ் கதை வேறு. ஜோஹன்னஸ்பர்க்குக்குத் தெற்கே டெடர்ஃபீல்டில் தயாராகும் ஸ்லிங் டிஎஸ்ஐ விமானத்தில் இருப்பது அந்த 915 ஐஎஸ்தான். அதில் இரண்டு பெட்ரோல் பம்ப், இரண்டுமே மின்சாரப் பம்ப். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைத் திறப்பதும் தீப்பொறி வைப்பதும் கம்ப்யூட்டர். கரண்ட் போனால் எஞ்சினும் போச்சு.

[காட்சி: டாஷ்போர்டில் சிவப்பு மாஸ்டர் ஸ்விட்ச்.]

இப்போது ஒரு கேள்வி. 3,000 அடி உயரத்தில் பேனலுக்குப் பின்னாலிருந்து புகை வருகிறது. எல்லா விமானியும் படித்த பாடம்: மாஸ்டரை, அதாவது மின்சாரத்துக்கெல்லாம் தலைமையான ஸ்விட்சை, அணை. அணைத்தால் உங்கள் எஞ்சின் ஓடுமா?

பதில் சொல்ல இரண்டு நொடிக்கு மேல் ஆனால், உங்கள் ஒயரிங் படம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். பம்ப், கம்ப்யூட்டர், இக்னிஷன் இவை எல்லாவற்றுக்கும் மாஸ்டர் ஸ்விட்ச் வழியாக வராத தனி பஸ் (பல கருவிகளுக்குக் கரண்ட் பிரித்துத் தரும் பொது இணைப்பு) வேண்டும். அதற்குத் தனி ஸ்விட்ச் வேண்டும். ரேடியோவில் புகை வந்தால் ரேடியோதான் சாகணும், எஞ்சின் சாகக் கூடாது. அதே நேரம், தரையில் மோதி நின்றுவிட்டால் பம்ப்பை உடனே நிறுத்தவும் வழி வேண்டும், இல்லாவிட்டால் உடைந்த குழாயில் பெட்ரோலைப் பாய்ச்சிக்கொண்டே இருக்கும். அதனால் அந்த எஞ்சின் ஸ்விட்ச் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கணும், ஆனால் முழங்கை தட்டி அணைந்துவிடாதபடி மூடி போட்டதாக இருக்கணும்.

நம் ஊரில் இதை விளக்குவது சுலபம். லோட் ஷெட்டிங் (முறை வைத்த மின்வெட்டு) வருஷங்களில் எல்லோரும் வீட்டில் இன்வெர்ட்டர் வைத்தோம் இல்லையா? கீசரையும் மின் அடுப்பையும் அதில் மாட்டவில்லை. ஃப்ரிட்ஜ், வைஃபை, இரண்டு விளக்கு, அவ்வளவுதான். விமானத்தில் அதற்குப் பெயர் எசென்ஷியல் பஸ். எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் செத்த பிறகு பேட்டரியிலிருந்து நேராக உயிர் வாங்கும் சிறிய கூட்டம்: ஒரு ரேடியோ, ஒரு திரை, ரேடாருக்கு நம்மை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர். மெயின் பஸ்ஸிலிருந்து அதற்கு, ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டயோடு வழியாக கரண்ட் வரும். அவசரத்துக்கு பேட்டரியிலிருந்து இன்னொரு வழி. மாஸ்டர் ஸ்விட்ச் இயக்கும் பெரிய ரிலேயான மாஸ்டர் கான்டாக்டரின் காயில் மட்டுமே ஏறக்குறைய 1 ஆம்பியர் தின்னும் என்பதால் அதை அணைப்பதே லாபம். கணக்கு இப்படி: எசென்ஷியல் பஸ் 4 ஆம்பியர் எடுக்கிறது, பேட்டரி 12 ஆம்பியர்-அவர் என்றால் காகிதத்தில் 3 மணி நேரம். பழசாகிப்போன பேட்டரியிடம் அதில் பாதியை எதிர்பாருங்கள், அதுவே நியாயம். பம்ப்பும் கம்ப்யூட்டரும் மின்சாரத்தில் ஓடும் எஞ்சின் என்றால் அவை எடுக்கும் ஆம்பியரையும் இந்தக் கணக்கில் கூட்டணும்.

[காட்சி: ஒயர் சுருள்கள், ஃப்யூஸ் பெட்டி.]

சரி, ஒயருக்கு வருவோம். பக்கிக்கு (பிக்கப் வண்டிக்கு) ஸ்பாட்லைட் மாட்டிய அனுபவத்தில் "பெரிய ஃப்யூஸ் போட்டால் அடிக்கடி போகாது" என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஃப்யூஸ் இருப்பது விளக்கையோ ரேடியோவையோ காப்பாற்ற இல்லை, ஒயரைக் காப்பாற்ற. 22 கேஜ் ஒயருக்கு 5 ஆம்பியர், 20 கேஜுக்கு 7, 18 கேஜுக்கு 10 என்பது வீட்டில் கட்டுபவர்களிடம் புழங்கும் கணக்கு. கேஜ் எண் கூடினால் ஒயர் மெலியும், அதை மறக்காதீர்கள். ஃப்யூஸை மின்சாரம் புறப்படும் முனையில், பஸ்ஸுக்கு ஒட்டி வையுங்கள். கருவியின் பக்கத்தில் வைத்தால் நடுவில் ஓடும் ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை.

ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் பிவிசி ஒயர் வேண்டாம். எரிந்தால் அது கக்கும் புகை கண்ணையும் தொண்டையையும் பிடிக்கும், அந்தச் சின்ன அறையில் ஜன்னலைத் திறந்து ஓட இடம் கிடையாது. டெஃப்செல் உறை போட்ட விமான ஒயர் 150 டிகிரி வரை தாங்கும். விலை கூடத்தான். முழு விமானத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் பெயின்ட் செலவுக்குப் பக்கத்தில் கூட வராது, அதனால் இதில் கை சுருக்க வேண்டாம்.

பேட்டரியை எடைச் சமநிலைக்காக வாலில் வைப்பவர்கள் ஸ்டார்ட்டர் கேபிளைக் கணக்குப் போடணும். போகவர 6 மீட்டர், ஸ்டார்ட்டர் இழுப்பது 200 ஆம்பியர் என்று வையுங்கள். 4 கேஜில் கிட்டத்தட்ட 1 வோல்ட் வழியிலேயே போய்விடும், 2 கேஜில் 0.6 வோல்ட். ஹைவெல்டு (ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் மேட்டுநிலம்) குளிர்காலக் காலையில், பேட்டரியே சோம்பலாக இருக்கும்போது, அந்த வித்தியாசம் தெரியும்.

இனி எர்த். என்னைக் கேட்டால் பாதித் தலைவலி இங்கேதான். அலுமினிய விமானம், எங்கே வேண்டுமானாலும் திருகு போட்டு எர்த் எடுக்கலாம் என்று தோன்றும். எடுத்தால் ஹெட்ஃபோனில் ஆல்டர்னேட்டர் ஊளையிடும், வெப்பநிலை முள் லேண்டிங் லைட்டைப் போடும்போதெல்லாம் ஆடும். பேனல் கருவிகள் எல்லாவற்றின் எர்த்தையும் ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவில் உள்ள தீத்தடுப்புச் சுவர்) ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஃபைபர் உடல் என்றால் வேறு வழியே இல்லை, ஒவ்வொன்றுக்கும் திரும்பும் ஒயர் இழுக்கத்தான் வேண்டும்.

ஆனால் இதற்குள் ஒரு கண்ணி உண்டு. இரண்டு பெட்ரோல் பம்ப், இரண்டு ஃப்யூஸ், இரண்டு ஸ்விட்ச் என்று அழகாகப் பிரித்துவிட்டு, இரண்டு பம்ப்பின் எர்த் ஒயரையும் ஒரே போல்ட்டில் மாட்டுவார்கள். அந்த நட்டு தளர்ந்தால் இரண்டும் சேர்ந்து நிற்கும். அப்புறம் எதற்கு இரண்டு பம்ப்? படத்தில் பாசிட்டிவ் பக்கத்தை மட்டும் வரைபவர்களுக்கு இது கண்ணில் படவே படாது. எர்த் கோடுகளையும் வரையுங்கள், பிறகு ஒவ்வொரு போல்ட்டாக விரலால் மறைத்து எது எது நிற்கிறது என்று பாருங்கள்.

[காட்சி: இரண்டு இறக்கைகளிலும் டேங்க். நடுவில், எந்த டேங்கிலிருந்து எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் வால்வு.]

பெட்ரோல் பக்கம் போவோம். "ஹை விங் விமானத்தில் 'இரண்டும்' என்று ஒரு நிலை இருக்கே, என் லோ விங்கில் ஏன் இல்லை?" சாட்ஸ்வொர்த்தில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு தம்பி கேட்டது. நல்ல கேள்வி. ஹை விங்கில் இறக்கையும் டேங்கும் தலைக்கு மேலே, லோ விங்கில் கீழே. மேலே டேங்க் இருந்தால் பெட்ரோல் தன் எடையால் இறங்கும், ஒரு டேங்க் காலியானாலும் மற்றது இறங்கிக்கொண்டிருக்கும். கீழே டேங்க் இருந்தால் பம்ப் உறிஞ்சணும். இரண்டையும் இணைத்து உறிஞ்சினால், ஒன்று காலியானதும் பம்ப்புக்கு பெட்ரோலைவிடக் காற்றை இழுப்பதே சுலபம். மற்ற டேங்க் நிறைய இருக்கும்போதே எஞ்சின் நிற்கும். அதனால்தான் இடது அல்லது வலது.

ரோட்டாக்ஸ் ஐஎஸ் போன்ற இன்ஜெக்ஷன் எஞ்சினில் மிச்ச பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும். எடுப்பது இடதிலிருந்து, திரும்புவது வலதுக்கு என்று இருந்தால், நிறைந்த வலது டேங்க் வென்ட் (டேங்குக்குள் காற்று விடும் குழாய்) வழியாக வெளியே கொட்டும். போவதையும் வருவதையும் சேர்த்துத் திருப்பும் இரட்டை வால்வு அதற்கு உண்டு.

வால்வு எங்கே இருக்கணும் என்பதற்கு ஒரு கசப்பான உதாரணம். 1997 அக்டோபர் 12, கலிஃபோர்னியா கடலோரம். பாடகர் ஜான் டென்வர் தான் புதிதாக வாங்கிய, வீட்டில் கட்டும் வகை விமானமான லாங்-ஈசியில் விழுந்து இறந்தார். அதைக் கட்டியவர், வடிவமைப்புப்படி காலுக்கு நடுவில் இருக்க வேண்டிய செலக்டரை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். காக்பிட்டுக்குள் பெட்ரோல் குழாய் வேண்டாம் என்ற நல்ல எண்ணம்தான். திரும்பிக் கையை நீட்டும்போது மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் வலது ரடர் மிதியில் கால் அழுந்தியது என்பதே விசாரணையின் முடிவு. கைப்பிடியில் எந்தப் பக்கம் எது என்ற குறிப்பும் இல்லை. பெல்ட்டை இறுக்கிப்போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் செலக்டரைத் திருப்பிப் பாருங்கள். தோள் அசைந்தால் இடத்தை மாற்றுங்கள்.

[காட்சி: வெயிலில் நிற்கும் விமானம், திறந்த எஞ்சின் மூடி.]

பம்ப் இடத்துக்கு டர்பன்காரர்களைவிட ஜோஹன்னஸ்பர்க்காரர்கள் கூடுதலாகக் கவலைப்படணும். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல், 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் நமக்கு சுமார் 82. அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கும். பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் இன்னும் இறங்கும். அதனால் எஞ்சின் அறையின் சூட்டில் பம்ப்பை வைத்து நீளமாக உறிஞ்சவிடாமல், டேங்குக்குப் பக்கத்தில், தாழ்வாக வைத்துத் தள்ளவிடுங்கள். இறங்கிக் காபி குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்யும்போது இருமும் எஞ்சின்களில் பல, இந்த ஆவியால் இருமுபவைதான். பங்க் பெட்ரோல், விமானப் பெட்ரோலான ஏவ்கேஸைவிடச் சுலபமாக ஆவியாகும். இன்னொன்று, ஹைவெல்டு பங்கில் கிடைக்கும் 93 ஆக்டேன் பெட்ரோல், மெல்லிய காற்றைச் சுவாசிக்கும் காருக்குச் சரி. டர்போ போட்ட எஞ்சின் மேலேயும் கடல்மட்டக் காற்றை அமுக்கித் தருவதால் அந்தச் சலுகை அதற்கு இல்லை. ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ்ஸில் டர்போ கிடையாது, அதற்கும் குறைந்தது 95 வேண்டும்.

குழாய் பற்றிச் சுருக்கமாக: விமான ஃபிட்டிங்கின் ஃப்ளேர் (குழாய் முனையை விரித்த சரிவு) 37 டிகிரி, கார் கடையில் இருப்பது 45. ஒன்றோடு ஒன்று முறுக்கினால் இறுகும், பிறகு கசியும். ஃப்ளேரில் டெஃப்லான் டேப் சுற்றவே கூடாது. ஃபயர்வாலைக் கடக்கும் ஃபிட்டிங் ஸ்டீல், ஏனென்றால் அலுமினியம் 660 டிகிரியில் உருகும். ஃபயர்வால் சோதனைத் தீ சுமார் 1,100 டிகிரி. வென்ட் குழாயின் வாயில் மெல்லிய வலை போடுங்கள், நம் ஊர் மண்குளவிக்கு அந்த அளவுத் துளை என்றால் கொள்ளைப் பிரியம்.

[காட்சி: மூக்கைத் தூக்கி நிறுத்திய விமானம். கார்புரேட்டர் முனையிலிருந்து வாளிக்குள் ஓடும் பெட்ரோல்.]

கடைசியாக, எஞ்சினை முதலில் ஓட்டும் முன் செய்ய வேண்டிய சோதனை. ஏறும் கோணத்துக்கு மூக்கைத் தூக்குங்கள். டேங்கில் கொஞ்சமாக ஊற்றுங்கள், குழாயை எஞ்சின் முனையில் கழற்றி, பம்ப்பைப் போட்டு அளந்த வாளியில் பிடியுங்கள். பம்ப் வைத்த அமைப்பு முழு சக்தியில் எஞ்சின் குடிப்பதைப்போல 125 சதவீதம் தரணும். எடையால் மட்டும் இறங்கும் அமைப்பு 150 சதவீதம். மணிக்கு 60 லிட்டர் குடிக்கும் 180 குதிரைத்திறன் லைகாமிங்குக்கு 75 லிட்டர், அதாவது 4 நிமிடத்தில் 5 லிட்டர். ஒவ்வொரு டேங்குக்கும், ஒவ்வொரு பம்ப்புக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஓட்டம் நின்றபின் டேங்கில் எவ்வளவு மிச்சம் என்று அளந்து எழுதுங்கள், அதுதான் பயன்படாத பெட்ரோல். வெளியில், காற்றோட்டத்தில், விமானத்தையும் வாளியையும் ஒயரால் இணைத்து, தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு.

எழுதிய தாளையும் ஒயரிங் படத்தையும் ஃபைலில் போடுங்கள். இசட்-யூ என்று தொடங்கும் விமானப் பதிவு எழுத்துகள் வாங்கும் முன் பரிசோதிக்க வரும் அப்ரூவ்டு பெர்சன் (அங்கீகாரம் பெற்ற பரிசோதகர்) அதைக் கேட்டால் எடுத்துக்காட்டலாம். 5 லிட்டருக்கு 4 நிமிடத்துக்கு மேல் ஆனால் பம்ப்பை மாற்ற ஓடாதீர்கள், முதலில் ஃபில்டரையும் டேங்க் முனையில் உள்ள வலையையும் கழற்றிப் பாருங்கள். டேங்க் கட்டியபோது விழுந்த அலுமினியத் தூளும் சீலன்ட் துணுக்கும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.