ஆபரேஷனுக்கு இன்னும் 16 நாள், காலையில் பார்த்தால் கை நடுங்கவே இல்லை

வணக்கம். சத்தம் கேட்கிறதா? சரி. இதே வீடியோவைக் காலையிலேயே ஒருமுறை எடுத்தேன், எடுத்துவிட்டு அழித்தும்விட்டேன். காரணம் சொன்னால் சிரிப்பீர்கள், அதில் நான் ரொம்ப நன்றாக இருந்தேன். கை நடுங்கவில்லை, நடுவில் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன், பேச்சும் தெளிவு. மண்டையில் ஓட்டை போட்டுக்கொள்ளப் போகிற ஆள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

இப்போது மதியம் 3 மணி. கடைசி மாத்திரை போட்டு மூன்றரை மணி நேரம் ஆகிறது. வலது கையைப் பாருங்கள், இது நான் ஆட்டுவது இல்லை.

எனக்கு பார்க்கின்சன் வந்து 11 வருஷம். புதிதாகப் பார்ப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். உடம்பு சொன்னபடி அசைய டோபமைன் என்ற ரசாயனம் வேண்டும், மூளையில் அதைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன, அந்தக் குறையை லெவோடோபா மாத்திரை ஈடுகட்டுகிறது. மாத்திரை வேலை செய்யும் நேரத்தை 'ஆன்' என்போம், செய்யாத நேரம் 'ஆஃப்'. ஆரம்ப வருஷங்களில் இந்த வித்தியாசமே தெரியாது, ஏனென்றால் மிச்சமிருக்கும் செல்கள் மருந்தைச் சேர்த்துவைத்து நிதானமாகச் செலவழிக்கும். போகப் போக அந்தச் சேமிப்பு இல்லை. லெவோடோபா ரத்தத்தில் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும், அது ஏற ஏற நானும் ஏறுகிறேன், இறங்க இறங்க நானும் இறங்குகிறேன். மூன்று வேளையில் ஆரம்பித்தவன் இன்று ஆறு வேளை போடுகிறேன்.

அதுவும் நேரத்துக்கு வருமா என்றால் வராது. புரதம் அதிகமுள்ள சாப்பாட்டோடு மாத்திரையைப் போட்டால் இரண்டும் ஒரே வாசலில் முண்டியடிக்கும், குடலிலும் சரி, ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகும் இடத்திலும் சரி. மலச்சிக்கல் இருந்தால் தாமதம், பதற்றமாக இருந்தால் உள்ளே மருந்து இருந்தும் நடுக்கம் கூடும். இன்னொன்று, மருந்து உச்சத்தில் இருக்கும்போது உடம்பு தானாக நெளியும், தலை ஆடும், அதை டிஸ்கைனீசியா என்பார்கள். பார்க்கிறவர்கள் ஐயோ பாவம், நோய் முற்றிவிட்டது என்று நினைப்பார்கள். உண்மையில் அது மருந்தின் ஆட்டம், எனக்கு அப்போதுதான் நடக்கவே முடியும்!

ஆஃப் வந்தால் கதவு நிலையருகே கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். தரையில் டேப் ஒட்டிக் கோடு போட்டு வைத்திருக்கிறேன், கோட்டைத் தாண்டச் சொன்னால் கால் தாண்டும், சும்மா நடக்கச் சொன்னால் நடக்காது. மாடிப்படி ஏறிவிடுவேன், சமதரையில் நிற்பேன். இதை ஒருவருக்கு விளக்கி நம்பவைப்பதற்குள் அடுத்த மாத்திரை நேரமே வந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று அக்கா வந்திருந்தாள், நான் நல்ல ஆனில் இருந்தேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "இவ்வளவு நல்லா இருக்கியேடா, இப்பப் போய் எதுக்குடா ஆபரேஷன்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை, ஏனென்றால் அதே கேள்வியை நானும் காலையில் கண்ணாடி முன்னால் கேட்டிருந்தேன். ராத்திரி படுக்கையில் புரள முடியாமல் கிடந்தபோது அந்தக் கேள்வி எங்கே போனது என்று தெரியவில்லை.

ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்த நல்ல ஒரு மணி நேரத்தால்தான் எனக்கு இந்த ஆபரேஷனே கிடைக்கிறது. போன மாதம் டெஸ்ட் எடுத்தார்கள். முந்தின ராத்திரியிலிருந்து மாத்திரை கிடையாது, காலையில் விரல் தட்டச் சொல்லி, நாற்காலியிலிருந்து எழச் சொல்லி மதிப்பெண் போட்டார்கள், அப்புறம் மாத்திரை கொடுத்து மறுபடி அதே பரீட்சை. பொதுவாக 30 சதவீதத்துக்கு மேல் முன்னேற்றம் இருந்தால்தான் டீப் பிரெய்ன் ஸ்டிமுலேஷனுக்கு, அதாவது மூளைக்குள் கம்பி வைத்து மின்சாரம் கொடுக்கும் இந்த ஆபரேஷனுக்கு, யோசிப்பார்கள். மாத்திரைக்கு அசையாதது, நடுக்கத்தைத் தவிர்த்து, பெரும்பாலும் மின்கம்பிக்கும் அசையாது. என் டாக்டர் சொன்னது: உங்களுடைய மிக நல்ல ஆன் நேரம் எப்படியோ, அதை நாளில் இன்னும் நிறைய நேரம் தர முயற்சி செய்வோம், அதைவிட நல்லதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். அக்கா நேற்றுப் பார்த்தாளே, அதைத்தான் நான் கேட்டு வாங்கப் போகிறேன்.

1987இல் பிரான்ஸின் கிரெனோபிளில் பெனாபிட் என்ற மருத்துவரின் குழு தொடங்கிவைத்த வழி இது. மூளையின் ஆழத்தில் மெல்லிய கம்பி, மார்புத் தோலுக்கடியில் பேட்டரி. நோய் குணமாகாது, உள்ளே அது பாட்டுக்கு நடக்கும். கம்பி வைக்கும்போது என்னை விழிக்க வைத்திருப்பார்களாம், மூளைக்கு வலி தெரியாது, அதனால் துளை போடுவதில் எனக்குப் பயமில்லை. முந்தின ராத்திரி மாத்திரை இல்லாமல் படுக்க வேண்டுமே, அதுதான் பயம்.

அதுவரை டைரி எழுதுகிறேன், அரை மணிக்கு ஒரு கட்டம், ஆன், ஆஃப், ஆட்டம், தூக்கம். நேற்று ஆஃப் மட்டும் 11 கட்டம்.

இன்னொரு பயமும் இருக்கிறது. சிலருக்கு இதற்கப்புறம் பேச்சு குழறும், குரல் இறங்கும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். பேசித்தானே நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால், உங்கள் குரல் எப்படி இருக்கிறது, கரண்டைக் குறைத்தால் சரியாகிறதா, உள்ளதைச் சொல்லுங்கள். எனக்காக நல்ல சேதியாக மாற்றிச் சொல்ல வேண்டாம்.