வண்டியைக் கெடாமல் கைமாற்றிக் கொடுத்தவர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கார் பந்தயம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வேகம்தான். ஒன்றரை மணி நேரம் பார்க்கிறோம், முதலில் வந்தவருக்குக் கைதட்டுகிறோம், எழுந்து போகிறோம். நான் இன்று பேச வந்தது வேறு வகைப் பந்தயத்தைப் பற்றி. சனிக்கிழமை பிற்பகல் கொடி அசைத்தால் ஞாயிறு பிற்பகல்தான் முடியும். இருபத்து நான்கு மணி நேரமும் கார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஓட்டுகிறவர்கள் இரண்டு பேரோ மூன்று பேரோ மாறி மாறி உட்காருவார்கள். அந்தப் பந்தயத்தில் அமெரிக்கா தந்த தலைசிறந்த ஓட்டுநர் ஹர்லி ஹேவுட் என்பது என் உறுதியான எண்ணம். அமெரிக்காவின் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் ஐந்து வெற்றி, பிரான்சின் லெ மான் 24 மணி நேரத்தில் மூன்று, அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரத்தில் இரண்டு.

அவரைவிட வேகமாக ஒரு சுற்றை ஓட்டக்கூடியவர்கள் அவர் காலத்தில் இருந்தார்கள். அப்படியிருந்தும் பெரிய அணிகள் அவரைத் தேடி வந்தது ஏன்? இந்தக் கேள்விக்குத்தான் நான் பதில் சொல்ல முயல்கிறேன்.

1948இல் சிகாகோவில் பிறந்தவர். கல்லூரிப் படிப்புக்காக ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரத்துக்குப் போனார். அங்கே திறந்த வெளியில் கூம்புகளை வைத்து வளைந்து வளைந்து ஓட்டும் சிறு போட்டிகள் நடக்கும். அப்படியொரு போட்டியில் உள்ளூரின் பெயர்பெற்ற பந்தய வீரரையே தோற்கடித்துவிட்டார். தோற்றவர் பீட்டர் கிரெக். ஹார்வர்டில் படித்தவர், கடற்படையில் இருந்தவர், புருமோஸ் என்ற போர்ஷே விற்பனை நிலையத்தின் உரிமையாளர். தோற்ற கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அந்தப் பையனைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டாரே, அது கிரெக்கின் பெருமை. 1969இல் இருவரும் வாட்கின்ஸ் கிளென் ஆறு மணி நேரப் பந்தயத்தில் தங்கள் வகைக் கார்களின் பிரிவில் முதலிடம் பெற்றார்கள். உடனே ராணுவ அழைப்பு வந்தது, ஹேவுட் வியட்நாம் போனார். திரும்பி வந்து 1971, 1972 இரண்டு ஆண்டுகளும் அமெரிக்காவின் இம்சா ஜிடி என்ற கார் பந்தயத் தொடரின் பட்டத்தில் அவர் பெயர்.

1973இன் டேடோனா எனக்கு மிகவும் பிடித்த கதை. பந்தயத்துக்கென்றே கட்டிய மாத்ரா, மிராஜ் கார்கள் வந்திருந்தன. இவர்களிடம் இருந்தது போர்ஷே 911 கரேரா ஆர்எஸ்ஆர், தெருவில் ஓடும் காரிலிருந்து வளர்த்தெடுத்த வண்டி. வேகமான கார்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகி நின்றன. கிரெக்கும் ஹேவுட்டும் 22 சுற்று முன்னிலையில் வென்றார்கள்.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் காலத்துக் காரில் கியரைக் கையால்தான் மாற்ற வேண்டும். வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்துக்கொண்டே கியரை இறக்கும்போது தவறிப்போய் வேறு கியர் விழுந்தால், ஒரு நொடியில் எஞ்சின் தாங்க முடியாத சுழற்சிக்குப் போய் வால்வு வளைந்துவிடும். அவசரப்பட்டுத் திணித்தால் கியரின் பற்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அது மதியம் தெரியாது, விடியற்காலை மூன்று மணிக்கு, வேறொருவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதுதான் தெரியும். டேடோனா பந்தயம் குளிர்காலத்தில் நடக்கிறது, பாதிக்கு மேல் இருட்டிலேயே ஓட்ட வேண்டும். அந்த இருட்டில், யாரும் பார்க்காத இடத்தில், ஒவ்வொரு கியருக்கும் ஒரு கண நேரம் பொறுத்து மாற்றுவது பெரிய ஒழுக்கம். அதுதான் ஹேவுட்டின் தொழில்.

1977 லெ மானுக்கு வருவோம். ஹேவுட்டும் ஜெர்மானியர் யூர்கன் பார்த்தும் போர்ஷே 936இல் ஓட்டினார்கள். தொடக்கத்திலேயே எரிபொருள் பம்பில் கோளாறு. சரிசெய்து கிளம்பியபோது நாற்பது கார்களுக்கும் பின்னால் இருந்தார்கள். அணியின் இன்னொரு கார் எஞ்சின் போய் நின்றுவிட, அதை ஓட்டிய பெல்ஜிய வீரர் ஜாக்கி இக்ஸ் இவர்கள் காருக்கு மாற்றப்பட்டார். அன்று இரவு மழையிலும் இருட்டிலும் இக்ஸ் ஓட்டிய ஓட்டம் இன்றும் பேசப்படுகிறது. எதிரே ரெனோ அணியின் கார்கள் எஞ்சின் கெட்டு ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. காலையில் இவர்கள் முதலிடம். முடிய ஒரு மணி நேரம்கூட இல்லாத நிலையில், ஹேவுட் ஓட்டிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து புகை. பிஸ்டன் போய்விட்டது. பிட்டுக்குள், அதாவது ஓடுதளத்தின் ஓரத்தில் கார்களைப் பழுதுபார்க்கும் இடத்துக்குள், கொண்டுவந்து நிறுத்தினார். கெட்ட சிலிண்டரை மட்டும் செயலிழக்கச் செய்துவிட்டு மெக்கானிக்குகள் காத்திருந்தார்கள். முடியும் நேரத்தில் கார் தன் சொந்த பலத்தில் ஓடிக் கோட்டைக் கடக்க வேண்டும் என்பது விதி. மெக்கானிக் வேலை கற்ற பார்த்தை உட்காரவைத்தார்கள். ஆறில் ஐந்து சிலிண்டரோடு அவர் மெல்ல உருட்டிக்கொண்டுபோய் முடித்தார். அப்போதும் 11 சுற்று முன்னிலை! மூன்று பேரில் யாருடைய வெற்றி இது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

1983லும் ஏறக்குறைய அதே கதைதான். வெர்ன் ஷுப்பன், அல் ஹோல்பர்ட்டோடு சேர்ந்து லெ மானில் ஓட்டிய போர்ஷே 956இன் கதவு பிய்த்துக்கொண்டது, குளிரூட்டும் காற்றோட்டம் கெட்டது, எஞ்சின் கொதித்தது. கடைசிச் சுற்றில் எஞ்சின் இறுகிப்போன காரை ஹோல்பர்ட் எப்படியோ கோடுவரை இழுத்து வந்தார். இரண்டாமிடத்தில் துரத்தி வந்த டெரெக் பெல்லுக்கும் அவருக்கும் இடையே ஒரு நிமிடச் சொச்சம். 1994இல், 46 வயதில், மூன்றாவது லெ மான். அதற்கு நடுவே 1988இல் ஆடி (Audi) நிறுவனத்தின் நான்கு சக்கர இழுவைக் காரில், அதாவது நான்கு சக்கரங்களையும் எஞ்சினே சுழற்றும் காரில், ட்ரான்ஸ்-ஆம் என்ற அமெரிக்கப் பந்தயத் தொடரின் பட்டம். அதன்பின் அந்த வகை இழுவையையே அந்தப் போட்டியில் தடுத்துவிட்டார்கள்.

கிரெக்கைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. 1980இல் லெ மான் போன இடத்தில் சாலை விபத்து. பார்வை பாதித்தது, முன்போல் பந்தயம் ஓட்ட முடியவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஹேவுட்டுக்கு அவர் ஆசான், அண்ணன், அதே சமயம் ஓயாத போட்டியாளர்.

ஹேவுட் ஒரு விஷயத்தைப் பல பத்தாண்டுகள் வெளியே சொல்லாமல் வாழ்ந்தார். தான் தன்பாலின ஈர்ப்பு கொண்டவர் என்பதை 2018இல்தான், தன் வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதினார். அந்தக் காலத்துப் பந்தய உலகில் விளம்பரதாரர் விலகினால் இருக்கையும் போய்விடும். அதனால் அவர் மௌனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் மனம் மாறக் காரணம் ஒரு மாணவர். பேட்டி எடுக்க வந்தவர், தானும் அப்படித்தான் என்றும், சக மாணவர்களின் கொடுமை தாங்காமல் சாக நினைப்பதாகவும் சொல்லியிருக்கிறார். ஹேவுட் தன்னைப் பற்றி அவரிடம் மனம் திறந்து பேசி அனுப்பினார். வெகு நாள் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு. அந்த மாணவரின் தாய், தன் மகன் உயிரோடு இருப்பது அந்தப் பேச்சால்தான் என்று நன்றி சொன்னார். ஒருவருக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்லலாம் என்று ஹேவுட் முடிவெடுத்தது அதன் பிறகுதான்.

நன்றி, வணக்கம்.