எட்டாவது நகர்வும் முப்பத்தொன்றாவது நகர்வும்

அவையோர்க்கு வணக்கம்.

நகர்வுகளைக் கடிதத்தில் எழுதி அனுப்பி ஆடும் அஞ்சல்வழிச் சதுரங்கத்தின் ஐந்தாவது உலகப் பட்டப் போட்டியின் இறுதிச்சுற்று 1965 முதல் 1968 வரை நடந்தது. அதில் மாஸ்கோவின் யாகோவ் எஸ்ட்ரின் வெள்ளைக் காய்களுடனும், அமெரிக்காவின் ஹான்ஸ் பெர்லினர் கறுப்புக் காய்களுடனும் ஆடிய ஆட்டமே இன்றைய பொருள். எஸ்ட்ரின் பின்னர் ஏழாவது உலகப் பட்டத்தை வென்றவர். இரு குதிரைத் தற்காப்பு என்னும் தொடக்க நகர்வு வரிசையில் கரைகண்டு, அதைப் பற்றி நூலே எழுதியவர். அவரிடமே அந்தத் தொடக்கத்தை ஆடத் துணிந்தார் பெர்லினர். அஞ்சல் ஆட்டத்தில் நூல்களைப் புரட்டத் தடையில்லை; ஆகவே நூல் எந்த இடத்தில் ஓய்கிறது என்று தேடுவதே அங்கே தொடக்க ஆய்வு.

கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசையையும் (ஏ முதல் எச் வரை), எண் கிடைவரிசையையும் குறிக்கும். நான்காவது நகர்வில் வெள்ளைக் குதிரை ஜி5 கட்டத்துக்குப் பாய்ந்து எஃப்7 சிப்பாயைக் குறிவைக்கிறது. கறுப்பு ஒரு சிப்பாயை டி5-க்கு நகர்த்தி மறித்து, அந்தச் சிப்பாய் வெட்டுப்பட்டதும், குதிரையை ஏ5-க்கு நகர்த்தும் பலரின் வழியை விடுத்து, பி5 சிப்பாயால் பிஷப்பைத் தாக்குகிறது. பிஷப் தன் பழைய இடமான எஃப்1-க்கே திரும்புவது கோழைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் கறுப்பு ராணி டி5-இல் வந்து அமர்ந்தால் ஜி2 சிப்பாய் பறிபோகாமல் காப்பது அந்தப் பின்வாங்கல்தான். எட்டாவது நகர்வில், டி4-இல் நிற்கும் தம் குதிரை வெட்டுக்கு ஆளாகியிருக்கும்போதே, பெர்லினர் ராணியை எச்4-க்கு அனுப்பினார். இந்த வரிசை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. பன்னிரண்டாவது நகர்வு முடிந்தபோது கறுப்பிடம் ஒரு குதிரையும் ஒரு சிப்பாயும் குறைவு. ராஜாவை ஓரமாக ஒதுக்கிக் காக்கும் 'கோட்டை கட்டும்' உரிமையையும் இழந்து ராஜா டி8-இல் நிற்கிறது.

பெரும்பாலோர் இங்கே வியந்துவிட்டு நூலை மூடிவிடுகிறார்கள். என் கருத்தில் அது பாதி வாசிப்பே.

28-ஆவது நகர்வுக்குள் ராணிகள் வெட்டுப்பட்டு, ஆளுக்கொரு யானையும், கறுப்புக்கு நான்கு, வெள்ளைக்கு மூன்று எனச் சிப்பாய்களும் எஞ்சின. 31-ஆவது நகர்வில் பெர்லினர் யானையைச் சி8-க்கு நகர்த்தி, எஃப்7 சிப்பாயைத் தாமே விட்டுக்கொடுத்தார். எஸ்ட்ரின் அதைத் தம் யானையால் வெட்டியதும், கறுப்பு யானை சி7-க்கு வந்து, யானைக்கு யானை என மாற்று வெட்டுக்கு அழைத்தது. உடன்பட்டிருந்தால், வெள்ளை ராஜா எச் வரிசைச் சிப்பாயைப் பிடிக்க ஓரத்துக்கு ஓடும் நேரத்தில், கறுப்பு ராஜா வெள்ளையின் டி3 சிப்பாயை வெட்டிவிட்டு ராணிப் பக்கச் சிப்பாய்களையும் கைப்பற்றியிருக்கும். எனவே எஸ்ட்ரின் யானையை எஃப்2-க்குப் பின்வாங்கினார். அந்த அவகாசத்தில் கறுப்பு ராஜா இ5, டி4 வழியே நடந்து டி3 சிப்பாயை வெட்டியது; 42 நகர்வுகளில் பெர்லினர் வென்றார். பதினாறு ஆட்டங்களில் தோல்வியே இன்றி 14 புள்ளிகள் எடுத்து, பட்டமும் அவருடையதாயிற்று.