ஆய்வுக்கும் தொழிலுக்கும் இடையில் ஒரு பாட்டு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். தொழில்துறையோடு இணைந்து பணியாற்றும் கணினி அறிவியல் ஆய்வு நிறுவனங்களைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். இப்படியொரு தலைப்பைக் கேட்டதும் வானொலியை அணைக்கக் கை நீள்வது இயல்புதான். ஆகவே நிறுவனத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, உங்கள் காதிலிருந்து தொடங்குகிறேன்.

ரயில் நிலையத்தில் நண்பரோடு பேசிக்கொண்டு நிற்கிறீர்கள். ரயில் ஒன்று நிற்காமல் கடந்துபோகிறது. நண்பரின் உதடுகள் அசைகின்றன. குரல் மட்டும் காணாமல் போகிறது. அவர் பேச்சை நிறுத்தவில்லை, அவருடைய குரலின் அதிர்வுகள் உங்கள் செவிப்பறை வரை வந்து சேரவும் செய்கின்றன. ஆயினும் பேரொலி சிற்றொலியை மூடிவிடுகிறது. பேரொலி ஓய்ந்த பிறகும்கூட, நொடியில் ஒரு சிறு பங்கு நேரத்துக்குக் காது மந்தமாகவே இருக்கும். இதை ஒலி மறைப்பு என்பார்கள். இசை கேட்கும்போது இது நம்மை அறியாமல் கணந்தோறும் நடந்துகொண்டேயிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இங்கேதான் வருவேன்.

குறுந்தகட்டில் பதிவாகும் இசை, ஒரு நொடிக்கு 44,100 முறை, இரண்டு தடங்களில், தடத்துக்கு 16 பிட், அதாவது 0 அல்லது 1 என்னும் பதினாறு இலக்கங்கள் வீதம் அளக்கப்படுகிறது. பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 14 லட்சம் பிட். 1980-களில் ஐரோப்பாவில் வரவிருந்த எண்முறைத் தொலைபேசி இணைப்பு தாங்கக்கூடியதோ, இரண்டு வழித்தடங்களையும் சேர்த்தே 1,28,000 பிட்தான். ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டீட்டர் சைட்சர், அந்தத் தொலைபேசிக் கம்பி வழியாகவே நல்ல இசையை அனுப்ப வேண்டும் என்று விரும்பினார். காப்புரிமை கேட்டபோது, இது நடவாத காரியம் என்று காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் மறுத்துவிட்டார். நடக்கும் என்று காட்டுவதற்காகச் சைட்சர் தேடிப் பிடித்த மாணவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். பல்கலைக்கழகத்தின் இந்த முயற்சியோடு, தொழில்துறைக்குப் பயன்படும் ஆய்வுகளைச் செய்யும் ஃபிரான்ஹோஃபர் கழகம் அதே ஊரில் 1985-இல் தொடங்கிய நிறுவனம் ஒன்றும் கைகோத்துக்கொண்டது. நாம் பின்னாளில் எம்பி3 என்று அழைத்த இசைச் சுருக்க முறை இப்படித்தான் உருவாயிற்று.

காதுக்கு எட்டாத ஒலிகளை எம்பி3 வெட்டி எறிந்துவிடுகிறது என்று பலரும் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் விளக்கிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. ஒலியை நுணுக்கமாக அளக்காமல் தோராயமாக அளந்தால் இடம் மிச்சமாகும். ஆனால் அந்தத் தோராயம் இரைச்சலாகக் கேட்கும். அந்த இரைச்சலைப் பேரொலியின் அடியில் ஒளித்துவைப்பதே இதன் சூட்சுமம். ரயிலோசைக்கு அடியில் நண்பரின் குரல் மறைந்ததைப் போல, இசைக்கு அடியில் கணக்குப் பிழை மறைந்துகொள்கிறது.

இனி நான் எங்கு போனாலும் சொல்லாமல் விடாத நிகழ்ச்சி. 1988 வாக்கில் வேலை ஓரளவு கைகூடி, பலவகை இசை நன்றாகவே ஒலித்துக்கொண்டிருந்த சமயம். ஒலிபெருக்கிகளைச் சோதிக்க ஒரு குறிப்பிட்ட பாடலைப் பயன்படுத்துகிறார்கள் என்று பிராண்டன்பர்க் ஒரு பத்திரிகையில் படித்தார். பக்கவாத்தியம் ஏதுமின்றி ஒரு பெண் தனித்துப் பாடியது அது. அதைச் சுருக்கிக் கேட்டபோது முடிவு படுமோசமாக இருந்தது. ஒற்றைக் குரல், அதிலும் எளிய மெட்டு, ஏன் தோற்க வேண்டும்? குரல் இரு ஒலிபெருக்கிகளுக்கும் நடுவிலிருந்து வருவதுபோல் கேட்கும். கணக்குப் பிழையின் இரைச்சலோ இரு ஓரங்களிலிருந்தும் வந்தது. வெவ்வேறு திசையிலிருந்து வரும் ஒலிகளைப் பிரித்தறிவதில் நம் இரு காதுகளும் கெட்டிக்காரத்தனம் மிக்கவை. போதாக்குறைக்கு, ஒளிந்துகொள்ள வேறு வாத்தியமும் அங்கில்லை. அதே பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்டு முறையைத் திருத்தினார்கள். அறிவியல் கட்டுரை எழுதுவதற்கு, நன்றாக வந்த பத்துப் பாடல்களே போதுமானவை. வாடிக்கையாளர் கையில் கொடுக்க வேண்டிய பொருளுக்கு, தோற்ற அந்தப் பதினோராவது பாடல்தான் முக்கியம். பயன்பாட்டு ஆய்வு என்று நான் எதைச் சொல்கிறேன் என்று யாராவது கேட்டால், இந்தப் பதினோராவது பாடலைத்தான் சொல்வேன்.

1992-இல் அது பன்னாட்டுத் தரமாக முடிவு செய்யப்பட்டது. ஐந்து நிமிடப் பாடல் 50 மெகாபைட்டிலிருந்து 5 மெகாபைட்டுக்கும் கீழே இறங்கியது. ஆனால் சந்தை ஓடிவந்து வரவேற்கவில்லை. ஐரோப்பிய எண்முறை வானொலி, எம்பி3-க்குப் போட்டியாக இருந்த இரண்டாம் அடுக்கு என்னும் சுருக்க முறையைத் தேர்ந்துகொண்டது. 1995 ஜூலை 14 அன்று, கோப்புப் பெயரின் ஈற்றில் எம்பி3 என்று இடுவதென்று நிறுவனத்துக்குள் முடிவெடுத்தபோதும், அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பதற்கான கருவி கடைகளில் இல்லை, 1998-இல்தான் வந்தது. தரம் முடிவாகி ஆறு ஆண்டுகள்! அந்த ஆண்டுகளை ஒரு நிறுவனம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதே என் பேச்சின் நடுநாயகம்.

ஃபிரான்ஹோஃபர் கழகம் 1949-இல் மியூனிக்கில் தொடங்கப்பட்டது. இன்று அதற்கு 70-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உள்ளன. 1973 முதல் அது பின்பற்றும் நிதிமுறையில், செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அரசு அடிப்படை நிதியாகத் தருகிறது. மீதியைத் தொழில் நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் வாயிலாகவும், போட்டியிட்டுப் பெறும் பொதுத் திட்டங்கள் வாயிலாகவும் நிறுவனமே ஈட்டிக்கொள்ள வேண்டும். எல்லோரும் அந்த மூன்றில் இரண்டு பங்கைத்தான் புகழ்கிறார்கள். எனக்கோ, இன்னதற்கென்று குறிப்பிடாமல் தரப்படும் அந்த ஒரு பங்குதான் உயிர்நாடியாகத் தோன்றுகிறது. ஒப்பந்தம் கொடுப்பவர் அடுத்த ஆண்டு விற்க வேண்டியதைக் கேட்பார். அது அவர் நியாயம். ஆறு ஆண்டுகளுக்குப் பின் தேவைப்படப் போவதைக் கேட்க அவருக்கே தெரியாது. முழுக்க ஒப்பந்தத்தில் வாழும் ஆய்வகம் மெல்ல மெல்ல ஒரு நிறுவனத்தின் பணிமனையாகிவிடும். முழுக்க மானியத்தில் வாழும் ஆய்வகத்தில், பதினோராவது பாடலை ஒலிக்கவிட்டுப் பார்க்கும் கட்டாயமே எழாது. இதை முன்பே சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். பரவாயில்லை, இரண்டு முறை சொல்லத் தகுந்ததுதான்.

எதிரே இருக்கும் நிலைய நண்பர் விரல்களைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம்கூட இல்லை போலிருக்கிறது. நிறுவன இயக்குநரே பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் இருப்பதையும், அங்கே முனைவர் பட்டத்துக்குப் பயின்றவர்கள் பிறகு தொழிற்கூடங்களுக்குச் சென்று ஆய்வைத் தம்மோடு எடுத்துச் செல்வதையும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். 1988-இல் தொடங்கப்பட்ட ஜெர்மன் செயற்கை நுண்ணறிவு ஆய்வு மையத்தில் தொழில் நிறுவனங்கள் பங்குதாரர்களாகவே அமர்ந்திருக்கின்றன. அது வேறொரு வழி, அதன் சிக்கல்களும் வேறு. கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு என்ற கேள்வி தனியொரு உரைக்கே போதும். ஒன்றை மட்டும் சொல்லி விடுகிறேன்: எம்பி3 காப்புரிமையை எர்லாங்கன் நிறுவனத்தார் விட்டுக்கொடுக்காததால் வந்த உரிமத் தொகையிலிருந்து, அடுத்த ஆய்வுகளுக்கென ஓர் அறக்கட்டளை 2008-இல் நிறுவப்பட்டது, அந்த உரிமத் திட்டம் 2017 ஏப்ரலில் முடிவுற்றது. நன்றி, வணக்கம்.