கண்ணை மூடிக்கொண்டு கார்ட்டூன் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். டர்பனில், சாட்ஸ்வர்த்தில், ஃபீனிக்ஸில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், வீட்டிலும் காரிலும் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

பழைய கார்ட்டூன் படங்களைப் பற்றிப் பேச வானொலிதான் சரியான இடம். படம் தெரியாத இடத்தில் படத்தைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்காதீர்கள். யார் நல்லவன், யார் கெட்டவன், யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் படங்களில் முதலில் காதுதான் முடிவு செய்கிறது. பேரப்பிள்ளைகள் கூடத்தில் பார்த்துக்கொண்டிருக்கட்டும். நீங்கள் சமையலறையில் நின்றபடியே கேளுங்கள். வில்லன் வந்துவிட்டான் என்று எட்டிப் பார்க்காமலே சொல்லிவிடுவீர்கள். எப்படிச் சொன்னீர்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

டாம் அண்ட் ஜெர்ரியில் ஆரம்பிக்கிறேன். அது தெரியாத வீடு கிடையாது. 1940இல் எம்.ஜி.எம். நிறுவனத்தில் வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பரா இருவரும் தொடங்கியது. 1958க்குள் 114 படங்கள், 7 ஆஸ்கர் விருதுகள். முதல் படத்தில் பூனைக்கு டாம் என்ற பெயர்கூட இல்லை, ஜாஸ்பர் என்று பெயர். இன்னும் ஒரு சாமான் உடைந்தால் வெளியே போக வேண்டியதுதான் என்று வீட்டுப் பெண் பூனையிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறாள். எலி அதைக் கேட்டுவிடுகிறது. பிறகென்ன, ஒரு கண்ணாடிக் கோப்பையை விளிம்பில் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பூனையால் அசைய முடியவில்லை.

சிறு பிள்ளைகள் எலி பக்கம்தான். ஆனால் தையல் தொழிற்சாலையில், சர்க்கரை ஆலையில், ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் மனம் பூனை பக்கம் சாயும். ஒரு தட்டு உடைந்தால் வேலை போய்விடும் என்ற பயம் அவர்களுக்குத் தெரியும். ஒரே படம்தான், ஒரே சிரிப்புதான். ஆனால் பார்ப்பவர் யார் என்பதைப் பொறுத்து வில்லன் மாறிவிடுகிறான். இதை மறுபடியும் சொல்லப் போகிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பார்ப்பவர் மாறினால் வில்லன் மாறுவான்.

இப்போது அந்த வீட்டுப் பெண்ணுக்கு வருகிறேன். அவள் முகம் நமக்குத் தெரியாது. கால், செருப்பு, கையில் துடைப்பம், அப்புறம் குரல். அவ்வளவுதான். ஸ்டுடியோவில் அவளுக்கு மேமி டூ ஷூஸ் என்று பெயர். குரல் கொடுத்தவர் லில்லியன் ராண்டால்ஃப் என்ற கறுப்பின நடிகை. பருத்த உடம்பு, உரத்த குரல், எஜமான் வீட்டுக்கு உழைப்பதே பிறவிப்பயன் என்று இருக்கும் கறுப்பினப் பணிப்பெண். இது அடிமைக் காலத்து வெள்ளைக்காரர்கள் தங்கள் மன நிம்மதிக்காக உருவாக்கிக்கொண்ட அச்சு.

இந்த அச்சு நம் ஊரில் எப்படி விழுந்தது? 1976 ஜனவரி 5ஆம் தேதிதான் தென்னாப்பிரிக்காவில் முறையான தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. அதற்கு முன் கார்ட்டூன் என்றால் பயஸ்கோப்தான். டர்பனில் கிரே தெரு ஷா ஜஹான், விக்டோரியா தெரு அவலான் என்று நம் இந்திய ஆட்கள் போன கொட்டகைகள் தனி, வெள்ளையர் போனவை தனி. நிறவெறிச் சட்டமே அப்படி. கறுப்பினப் பெண் என்றால் யார் வீட்டிலோ வேலை செய்பவள் என்பது இங்கே அன்றாட நடப்பாக இருந்தது. அமெரிக்காவில் என்.ஏ.ஏ.சி.பி. போன்ற கறுப்பின உரிமைச் சங்கம் இத்தகைய பாத்திரங்களை எதிர்த்துக் குரல் கொடுத்தது. நம் சட்டங்களுக்குள் வாழ்ந்தவர்களுக்கோ அந்தக் காலும் செருப்பும் கேலியாகவே படவில்லை, நடப்பாகப் பட்டது. சமுதாயம் ஒப்புக்கொண்ட கேலி கண்ணில் படாது. அதுதான் அதன் பலம்.

ஆனால் சின்னப் பிள்ளைகள் அவளை வேறு விதமாகப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு அவள்தான் வீட்டுக்காரி. அதிகாரம் செய்கிறாள், பூனையை வெளியே எறிகிறாள், வேறு யாரும் அந்த வீட்டில் இல்லை. படங்களே சில நேரம் அப்படித்தான் காட்டுகின்றன. 1950இல் வந்த ஒரு படத்தில் சனிக்கிழமை இரவு நகையெல்லாம் போட்டுக்கொண்டு சீட்டாடக் கிளம்புகிறாள். அவள் ஓடிவரும் காட்சியில் முகமும் ஒரு கணம் தெரியும். இமைத்தால் போய்விடும்.

1952க்குப் பிறகு அவள் வரவில்லை. அடுத்து நடந்தது எனக்குப் பெரிய வருத்தம். 1960களில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக அவள் வரும் காட்சிகளை மறுபடி வரைந்தார்கள். கறுத்த கால் போய் மெலிந்த வெள்ளைக் கால் வந்தது, ஜூன் ஃபோரே என்ற குரல் நடிகையின் ஐரிஷ் பேச்சு வந்தது. 1990களில் பழைய படத்தையே வைத்துக்கொண்டு தீயா விடேல் என்ற நடிகையின் குரலில் வசனத்தை மாற்றினார்கள். ஆக ஒரே படம் மூன்று குரல்களில் உலவுகிறது. உங்கள் வீட்டில் இருப்பது எது என்று கண்டுபிடிப்பது எளிது. வெள்ளைக் கால் என்றால் 1960களின் பிரதி. கறுப்புக் கால், பேச்சு மட்டும் சுற்றியுள்ள சத்தத்தோடு ஒட்டாமல் புதிதாக, துல்லியமாகக் கேட்டால் 1990களின் பிரதி. இசை, பாத்திரம் உடையும் சத்தம், பேச்சு மூன்றும் ஒரே அறையில் பிறந்த மாதிரி சேர்ந்து ஒலித்தால் அது ராண்டால்ஃப். "தாமஸ்!" என்று அவர் கத்துவதற்கும் பூனை துள்ளுவதற்கும் இடையே எவ்வளவு நேரம் விடுகிறார் என்று கேளுங்கள். அது பெரிய நடிகையின் கணக்கு. அவமானத்தை நீக்குகிறோம் என்று சொல்லி, அந்தக் காலத்தில் கறுப்பின நடிகைக்குக் கிடைத்த கொஞ்ச வேலையையும் அழித்துவிட்டார்கள். என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியாது.

வெட்டுவதும் அப்படித்தான். குண்டு வெடிக்கும், டாமின் முகம் கறுத்துத் தலையில் சின்னச் சின்ன சடைகள் முளைக்கும். இது வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைப் பழித்து ஆடிய மேடைக் கூத்திலிருந்து வந்தது. பல நிலையங்கள் இதை வெட்டிவிடுகின்றன. வெட்டினால் தெரியாது என்று நினைக்கிறார்கள். காதுக்குத் தெரியும். இந்தப் படங்களுக்கு இசையமைத்த ஸ்காட் பிராட்லி படச்சுருளின் ஒவ்வொரு கட்டத்தையும், அதாவது ஃப்ரேமையும், எண்ணி எழுதியவர். ஒரு விநாடிக்கு 24 கட்டம். 12 கட்டத்துக்கு ஒரு தாளம் என்றால் நிமிடத்துக்கு 120 தாளம். பூனையின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுரம் உண்டு. நடுவில் 3 விநாடியை உருவினால் 72 கட்டத்து இசையும் சேர்ந்து போய்விடும். வெடிச் சத்தத்துக்குப் பிறகு இசை இறங்கி அடங்காமல், திடீரென்று துரத்தும் மெட்டில் குதித்தால் அங்கே கத்தரி விழுந்திருக்கிறது. பார்க்கிற பிள்ளைக்கு ஏன் என்று தெரியாது, ஆனால் சிரிப்பு வராது.

ஓடும் நேரத்தை மட்டும் வைத்து வெட்டைக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், அதில் ஒரு வழுக்கல் உண்டு. நம் நாட்டுத் தொலைக்காட்சி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, விநாடிக்கு 25 கட்டம். 24 கட்டத்துப் படத்தை 25இல் ஓட்டினால் 7 நிமிடப் படம் 6 நிமிடம் 43 விநாடியில் முடிந்துவிடும். அது வெட்டு அல்ல, வேகம். குரலும் கொஞ்சம் மேலே ஏறிவிடும். இங்கே தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் ராண்டால்ஃபை அவருடைய உண்மையான சுருதியைவிடச் சற்று உயர்த்தித்தான் கேட்டிருப்பார்கள். ஆகவே நேரத்தை நம்பாதீர்கள், இசையின் ஓட்டத்தை நம்புங்கள்.

2013இல் டாம் அண்ட் ஜெர்ரி வட்டுத் தொகுப்பு ஒன்றில், இத்தகைய காட்சிகளுக்காக இரண்டு படங்களை விட்டுவிடப் போவதாகச் செய்தி வந்ததும் ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தத் தொகுப்பே வெளிவரவில்லை. வேறு தொகுப்புகளில் வார்னர் நிறுவனம் நல்ல வழியைக் காட்டியிருக்கிறது. படத்தை வெட்டாமல் போட்டு, முன்னால் கறுப்பின நடிகை ஊப்பி கோல்ட்பெர்கைப் பேச வைத்தது. இவை அன்றும் தவறு, இன்றும் தவறு, மறைத்தால் இப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்வதாகிவிடும் என்பதுதான் அறிவிப்பின் சாரம். என் கட்சியும் அதுதான்.

சரி, வில்லன் குரலுக்கு வருவோம். 1994இன் சிங்க ராஜா, அதாவது லயன் கிங் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் நம் நாட்டு லெபோ எம். ஜூலுவில் பாடுகிறார். குவாசூலு-நட்டாலில் அதற்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. அடுத்த நிமிடமே அந்தக் காட்டில் எல்லோரும் வேறு நாட்டுக்காரர் ஆகிவிடுகிறார்கள். முஃபாசா, ஸ்கார் இரண்டு சிங்கங்களும் அண்ணன் தம்பிகள். நல்ல அண்ணனுக்கு ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸின் அமெரிக்கக் குரல், கெட்ட தம்பிக்கு ஜெரமி அயன்ஸின் இங்கிலாந்து உச்சரிப்பு. ஒரே குகையில் வளர்ந்தவர்களுக்கு இரண்டு உச்சரிப்பு எங்கிருந்து வந்தது? அதேபோல 1992இன் அலாவுதீனில் நாயகனும் நாயகியும் அமெரிக்கப் பிள்ளைகளாகப் பேசுகிறார்கள். சந்தைக் கடைக்காரர், காவலாளிகள் வாயில்தான் தடித்த அந்நிய உச்சரிப்பு. காதை வெட்டும் ஊர் என்று வந்த பாட்டு வரியை, அரபு அமெரிக்கர்கள் எதிர்த்ததால் 1993 வீடியோவில் மாற்றினார்கள். உச்சரிப்பு அப்படியே இருந்தது.

எதிர்ப்பு எப்போதும் ஒரே திசையில் வராது. ஸ்பீடி கொன்சாலஸ் என்ற மெக்சிகோ எலியை 1999இல் கார்ட்டூன் நெட்வொர்க் நிறுத்தி வைத்தது. திருப்பிப் போடுங்கள் என்று கேட்டவர்களில் லத்தீன் அமெரிக்கர்களின் சங்கமே முன்னால் நின்றது, 2002இல் எலி திரும்பியது. கூட்டாளி எலிகளைச் சோம்பேறிகளாகக் காட்டுவது உண்மைதான். ஆனாலும் ஜெயிப்பவன் நம்மவன் என்று அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பார்ப்பவர் மாறினால் வில்லன் மாறுவான் என்றேனே, நாயகனும் அப்படித்தான்.

நமக்கு நெருக்கமானது சிம்ப்சன்ஸ் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் வரும் இந்தியக் கடைக்காரர் அப்பு. அந்த உச்சரிப்பைப் பேசியவர் ஹாங்க் அசேரியா என்ற வெள்ளையர். இந்திய வம்சாவளி அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017இல் ஓர் ஆவணப்படமே எடுத்து அதைக் கேள்வி கேட்டார். 2020இல் அசேரியா அந்தக் குரலை விட்டுவிட்டார். தன் பேச்சை வகுப்பில் இன்னொருவன் நடித்துக் காட்டக் கேட்ட பிள்ளைக்கு இது ஏன் முக்கியம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அறிவிப்பாளர் தங்கச்சி கைகாட்டுகிறார், நேரம் நெருங்குகிறது. தாத்தாமார், ஆயாமார் வீட்டில் செய்யக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். படத்தை நடுவில் நிறுத்திப் பாடம் நடத்தாதீர்கள், பிள்ளை எழுந்து போய்விடும். 7 நிமிடம் முடியட்டும். முடிந்ததும் இரண்டே கேள்வி: சண்டையை முதலில் ஆரம்பித்தது யார்? அந்த அம்மாவின் முகம் எப்படி இருக்கும், வரைந்து காட்டு பார்க்கலாம். வரைந்ததை வைத்துப் பேச்சு தானாக வளரும். டாம் முகம் கறுக்கும் காட்சி வந்திருந்தால் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் அந்தக் கரி பூசிய கூத்தைப் பற்றி நேராகவே சொல்லுங்கள், புரியும்.

ஆப்பிரிக்கான்ஸ் குரலில் வந்த ஹைடி, மாயா தேனீ பற்றியும், 1986 முதல் ரேடியோ 2000 என்ற வானொலியில் படத்தின் மூல ஒலியைக் கேட்டபடி தொலைக்காட்சி பார்த்த காலத்தைப் பற்றியும் நிறையச் சொல்ல நினைத்தேன், நேரமில்லை. ஒன்று மட்டும்: ஆங்கிலத்தில் பிரெஞ்சுக்காரரைப் பழிக்கும் பெப்பே என்ற நாற்றப் பிராணி, பிரெஞ்சுக் குரல் பிரதியில் இத்தாலிய உச்சரிப்பில் பேசுகிறது. நன்றி, வணக்கம்.